தேசிக்காய் எங்கே மிதக்கும்?

ஸ்டுட்கார்ட் நகரின் பாட் கான்ஸ்டட் பகுதியில் ஊறும் கனிமநீர், நகருக்குத் தென்மேற்கே மழையாகப் பெய்து சுண்ணாம்புப் பாறைகளினூடாக வந்து சேர்வது. அங்கு வளரும் தமிழ் மாணவர் பலர் தேர்வுக்காகப் பாறைகளின் பெயர்களை மனனம் செய்கின்றனர். நீர் வந்த வழி எவ்வாறு அறியப்பட்டது என வினவுவதில்லை. பெற்றோரும் தூண்டுவதில்லை. புவியியல் படித்து மருத்துவராக முடியாதல்லவா!

1877இல் கார்ல்ஸ்ரூஹே பேராசிரியர் அடோல்ஃப் குனோப், இம்மென்டிங்கன் அருகே டான்யூப் ஆறு நிலத்துள் மறையுமிடத்தில் 10 கிலோ சாயமும் 20 தொன் உப்பும் இட்டார். ஏறத்தாழ 60 மணித்தியாலங்களின் பின், 12 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஆக் ஊற்று பச்சை நிறங்கொண்டு உவர்த்தது. டான்யூப்பின் நீர் ரைன் நதிக்கும் செல்கிறதென்ற பழைய ஊகம் நிரூபணமாயிற்று.

நிலாவரைக் கிணற்றில் இட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதந்ததென யாழ்ப்பாணத்துப் பாட்டிமார் கூறுவர். இதனை மூடநம்பிக்கையென இளையோர் நகைத்தல் தகாது. அது பரிசோதிக்கத்தக்க கருதுகோள். குடாநாட்டின் நிலத்தடி நீரும் சுண்ணாம்புப் பாறையிலேயே தங்குகிறது. உரமும் மலக்குழிக் கசிவும் அந்நீரில் நைத்திரேற்றைக் கலக்கின்றன. எக்கழிவு எக்கிணற்றை அடைகிறதென்பது குடிநீர் பற்றிய கேள்வி.

கோடை விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் உறவினர் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து குறிக்கலாம். மாரி தொடங்கியபின் அதே அளவீட்டை அங்குள்ள மைத்துனரிடம் கேட்டுப் பெறலாம்.