நெல்லைத் தின்னும் 'கோரைதின்னி'

ஓர் உயிரை அறிவதன் முதற்படி அதற்குப் பெயரிடுவது. பெயர் தெரியாத பகையை வென்றவர் இலர். பெயரைப் பிழைபடத் தெரிந்துகொண்டவரோ பகையை விட்டுவிட்டு வேறொன்றின்மேல் வாள் வீசுவர். இவ்வுண்மை முழங்கால் உயரமே உள்ள நெற்பயிருக்கும் பொருந்தும்.

நட்ட வயல் தழைத்துத் தூர் கட்டும் வேளையில், சுற்றிலும் பச்சை நிற்க, நடுக்குருத்து மட்டும் பழுத்துக் காய்கிறது. பிடித்திழுத்தால் தடையின்றிக் கையோடு வருகிறது. அதன் அடிமுனை கடிபட்டு அழுகியிருக்கிறது. அதே வயலில் கதிர் வெளிவரும்போது சில கதிர்கள் வெளுத்து நிமிர்ந்து நிற்கின்றன. பால் பிடித்து முற்றிய கதிர் தலை சாயும், இவை சாய்வதில்லை. உள்ளே மணி இல்லை, அனைத்தும் பதர். முன்னதைக் குருத்துக் காய்தல் என்றும் பின்னதை வெண்கதிர் என்றும் வழங்குவர். இவ்விரு கேட்டையும் செய்வது ஒரே புழு. அப்புழுவைப் பெறுவது நகத்தளவே உள்ள ஓர் அந்து; இரவில் விளக்கைத் தேடி வரும் விட்டிற்கூட்டத்துள் ஒன்று.

அந்த அந்துக்கு உலக அறிவியல் இட்டிருக்கும் பெயர் 'இசுகிர்ப்போபாகா இன்செர்த்துலாசு'. உழவர் இட்ட பெயர் குருத்துப்பூச்சி. இவ்விரண்டனுள் எது அறிவுடைய பெயர்? இவ்வினாவுக்கு விடை காண, அயற்பெயரின் பிறப்பைச் சற்றே ஆராய வேண்டும்.

பாவலர் இட்ட பெயர்

'இசுகிர்ப்பசு' என்பது கோரையைக் குறிக்கும் இலத்தீன் சொல். 'பாகா' என்பது தின்பதைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. இரண்டையும் ஒட்டினால் 'கோரைதின்னி'. அவ்வளவே இப்பெரும் பெயரின் பொருள். 1832-இல் இப்பெயரைச் சூட்டியவர் பிரீடரிக்கு திரைட்சுகே என்பவர். அவர் ஆய்வுக்கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்த அறிவியலாளர் அல்லர். வியன்னா நகரின் நாடகப் பாவலர். பீத்தோவன் இசையமைத்த 'பிதேலியோ' என்னும் இசைநாடகத்தின் உரைப்பகுதியை 1814-இல் திருத்திக் கொடுத்தவர் அவரே. ஐரோப்பிய வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துகளையும் பற்றிய பெருநூலை ஆக்சன்ஐமர் என்னும் நடிகர் தொடங்கினார். அதனைத் தொடர்ந்து எழுதியவர் இப்பாவலர். மேடையில் சொல்லாண்டவர்களே வயல்வெளிப் பூச்சிக்கும் சொல் ஆக்கினர். பெயரிடல் மொழியறிந்தார் தொழில் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இப்பேரினத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆத்திரேலியா ஆகிய நிலங்களின் வெப்பப் பகுதிகளிலேயே பெரும்பாலானவை வாழ்கின்றன. அவற்றின் பெயர்களையும் பிரித்துப் பார்த்தால் மருட்சி தெளியும். 'இன்னோத்தாத்தா' என்றால் குறியற்றது. சிறகில் புள்ளி இல்லாத வெள்ளை அந்து அது. 'நிவெல்லா' என்பது பனிவெண்மையைக் குறிக்கும் சொல்லிற் பிறந்தது. 'இன்செர்த்துலாசு' என்பதோ ஐயத்துக்குரியது என்னும் பொருளுடைய வேரில் முளைத்தது. கோரைதின்னி, குறியற்றது, பனிவெள்ளை, ஐயத்துக்குரியது! ஆட்டிடையனும் சொல்லத்தக்க எளிய சொற்கள் இவை. அயன்மொழி உடுத்து வந்தமையால் மட்டுமே அவை அறிவியலாகவும், குருத்துப்பூச்சி என்பது நாட்டுப்புறப் பேச்சாகவும் கருதப்படுகின்றன.

பெயர் பொய்த்த இடம்

இப்பேரினத்தின் பல இனங்கள் கோரையிலும் புல்லிலும் வாழ்வது மெய்யே. எனினும் ஆசிய உழவரின் உணவைப் பறிக்கும் மஞ்சள் அந்து, கோரையைத் தேடுவதில்லை. அது நெல்லையே நம்பி வாழ்கிறது. உலகமெல்லாம் 'கோரைதின்னி' என்று பதிவாகியுள்ள பூச்சி, உண்மையில் நெல்தின்னி.

பெயர் நிலைத்திருந்ததா என்றால் அதுவும் இல்லை. இங்கிலாந்து அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வாக்கர் என்பவர் 1863-இல் இவ்வினத்தை விளக்கினார். ஆணும் பெண்ணும் நிறத்தால் வேறுபடுவதால் ஒரே பூச்சிக்குப் பல பெயர்கள் எழுந்தன. 'இருபுள்ளி தாங்கி' என்னும் பொருளுடைய பெயரும் அவற்றுள் ஒன்று. நெடுங்காலம் 'சீனோபியசு' என்னும் பேரினத்தில் வைத்திருந்தனர். 1960-இல் 'திரைப்போரைசா' என்னும் புதுப் பேரினத்துக்கு மாற்றினர். 1981-இல் தாய்லாந்து அறிஞர் இலேவ்வானிச்சு செய்த திருத்தாய்வுக்குப் பின் இன்றைய பேரினத்தில் சேர்த்தனர். கரும்பைக் குடையும் வெள்ளை அந்தும் நெடுநாள் 'நிவெல்லா' என்றே இந்திய நூல்களில் எழுதப்பட்டு வந்தது. அது வேறு, கரும்பினது வேறு என்று பின்னரே தெளிந்தனர். வெண்சிறகு அந்துகள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றுவதால் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தே பிரிக்க வேண்டியிருந்தது.

இம்மாற்றங்கள் அறிவியலுக்கு இழுக்கல்ல. பிழை கண்டவிடத்துத் திருத்திக்கொள்வதே அதன் பெருமை. உலகத்து ஆய்வாளர் ஒருவரோடொருவர் பேசுதற்கு இலத்தீன் பெயர் ஒரு பொது முகவரி. அதனைத் தூக்கியெறிய வேண்டும் என்று அறிவுடையார் எவரும் சொல்லார். ஆனால், முகவரி வேறு, அறிவு வேறு. வீட்டு எண்ணை மனப்பாடம் செய்தவன் வீட்டில் வாழ்வாரை அறிந்தவன் ஆகான்.

இங்கே தனித்தமிழ் அன்பர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. அயற்பெயரைக் கண்டவுடன் சொல்லுக்குச் சொல் மாற்றி, 'கோரையுண்ணி' என்று எழுதிவிட்டால் தமிழ் செய்ததாக ஆகாது. அயலார் பிழையைத் தமிழில் நட்டதாகவே ஆகும். உழவன் அப்பெயரை நம்பிக் கோரையைத் தேடுவான்; புழுவோ நெற்றண்டினுள் இருக்கும். சொல் தமிழாயிருத்தல் போதாது. பொருளும் தமிழ் நிலத்தில் கண்டதாயிருத்தல் வேண்டும்.

உழவர் வகுத்த பெயர்கள்

உயிர்களை வகைப்படுத்திக் காணும் பழக்கம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்து, எறும்பை மூவறிவிலும் தும்பியை நான்கறிவிலும் வைத்தது. அதுவே இன்றைய உயிரியல் என்று மார்தட்டுதல் தகாது. நோக்கிப் பிரிக்கும் அறிவு இம்மொழிக்கு உரியது என்று கொள்வது தகும்.

அவ்வறிவு வயலில் இன்றும் வாழ்கிறது. தத்துப்பூச்சி தூரடியில் சாறுறிஞ்சப் பயிர் தீயில் புகைந்தாற்போல் கருகும். உழவன் அப்பூச்சியைப் புகையான் என்றான். கொசுவினும் சிறிய ஓர் ஈயின் புழு தாக்கிய குருத்து யானைத் தந்தம்போல் வெண்குழலாக நீளும். அதனை ஆனைக்கொம்பன் என்றான். பெயரைக் கேட்ட அளவில் நோயின் தோற்றம் கண்முன் நிற்கிறது.

கரும்பிலோ பெயரீடு இன்னும் நுட்பம் பெற்றிருக்கிறது. இளம்பயிரைத் தாக்குவது இளங்குருத்துப்புழு. கணுக்களின் இடையைக் குடைவது இடைக்கணுப்புழு. வளர்ந்த கரும்பின் உச்சியில் நுழைவது நுனிக்குருத்துப்புழு. மூன்றாவதே இப்பேரினத்தைச் சேர்ந்த வெள்ளை அந்தின் புழு. எந்தப் புழு, எந்த இடத்தில், எந்தப் பருவத்தில் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. அதனை ஒடுக்க வடபுலத்திலிருந்து 'ஐசோத்திமா' என்னும் ஒட்டுண்ணிக் குளவியைக் கொணர்ந்து தமிழ்நாட்டுக் கரும்பில் நிலைபெறச் செய்தனர். புழு இன்னதென்று பிரித்தறிந்தமையாலேயே அதற்குரிய குளவியைத் தேட முடிந்தது.

சாவகம் காட்டும் சான்று

இனத்துக்கு இனம் பெயர் வேண்டுவதன் கரணியம் சாவகத்தில் விளங்கும். அங்கு நெல்லைக் கெடுத்தது குறியற்ற வெள்ளை அந்து. கோடையில் அதன் புழு அறுத்த தாளின் அடியில் உறங்கிக் கிடக்கும். முதற்பெருமழை நிலத்தை நனைத்த பின்னரே விழித்துக் கூடுகட்டி அந்தாக வெளிப்படும். ஒல்லாந்த அறிஞர் வான் டெர் கூட் இவ்வியல்பை ஆராய்ந்து 1925-இல் வெளியிட்டார். அந்துகள் பறந்து ஓய்ந்தபின் நாற்றங்கால் இட்டால் பயிர் தப்பும் என்பது அதனாற் கிடைத்த வழி. ஒரு துளி நஞ்சும் வேண்டாத வழி அது. மஞ்சள் அந்துக்கு இதே வழியை அப்படியே சொன்னால் பயன் தராது. நீரும் நெல்லும் தொடர்ந்து கிடைக்கும் இடத்தில் அது அடுத்தடுத்துத் தலைமுறை பெருக்கும். இரண்டையும் 'தண்டுத்துளைப்பான்' என்னும் ஒரே சொல்லில் அடக்கினால் இவ்வேறுபாடு மறைந்து போகும்.

அறியாமையின் விலை

மஞ்சள் அந்து இலைநுனி அருகே முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் வால்முனை மயிரால் மூடிவிடும். பொரித்த புழு நூலிழையில் தொங்கிக் காற்றில் அயற்பயிருக்குச் செல்லும். சில இலைத்துணுக்கைச் சுருட்டித் தோணியாக்கி நீரில் மிதந்தும் செல்லும். தண்டினுள் புகுந்தபின் அது பெரும்பாலும் உள்ளேயே தங்கித் தின்னும். அந்தோ, சிறகு முளைத்தபின் உண்பதும் இல்லை. சில நாளே வாழ்ந்து மடிகிறது.

இவ்வரலாறு தெரியாத உழவன், குருத்துக் காய்ந்ததைக் கண்டதும் கடைக்கு ஓடுகிறான். 'இசுடெம் போரர்' என்று சொல்லி ஒரு புட்டியை விற்கிறார்கள். மேலே தெளித்த நஞ்சு தண்டினுள் இருக்கும் புழுவை எளிதில் எட்டுவதில்லை. வெளியே உலவும் சிலந்தியையும் குளவியையுமே முதலில் கொல்கிறது. முட்டைக் குவியலைத் துளைத்துத் தன் முட்டையை இடும் நுண்குளவிகள் பல உண்டு. அவற்றுள் ஒரு வகை தாயந்தின் வால்மயிரிலேயே ஏறிச் சென்று, அது முட்டையிடும் வேளைக்குக் காத்திருக்கும். கூலி கேளாத இக்காவலரை உழவன் தன் காசு கொடுத்தே கொல்கிறான். காவல் ஒழிந்த வயலில் புகையான் பெருகுகிறது. மீண்டும் கடை, மீண்டும் கடன்.

தூர் கட்டும் பருவத்தில் சில குருத்துகள் காய்ந்தால் பயிர் புதுத்தூர் விட்டு ஈடுசெய்துகொள்ளும். 10 விழுக்காடு குருத்துக் காய்தல், அல்லது ஒரு மீட்டர் நீள அகலமுள்ள இடத்தில் 2 முட்டைக் குவியல் என்னும் எல்லையைத் தாண்டிய பின்னரே மருந்தை எண்ணச் சொல்கிறது வேளாண் அறிவியல். வெண்கதிருக்கு ஈடில்லை, அதற்கு எல்லை 2 விழுக்காடு. அதற்கு முன்னே கைவழிகள் பல உள: நடுமுன் நாற்றின் நுனியைக் கிள்ளி முட்டைக் குவியலை அழித்தல், விளக்குப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, முட்டை ஒட்டுண்ணி விடுதல், அறுத்தபின் தாளை உழுது மடக்குதல். இவை எல்லாம் அந்தின் வாழ்க்கையை அறிந்தவனுக்கே கைகொடுக்கும்.

இவ்வறிவுக்குத் தமிழ்நிலம் கடன்பட்டது மட்டும் அன்று, கொடையும் அளித்திருக்கிறது. திருவள்ளூரை அடுத்த திரூர்க்குப்பத்தில் உருவான டி.கே.எம். 6 என்னும் நெல், தண்டுத்துளைப்பானை ஓரளவு தாங்கும் இயல்புடையது. பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1969-இல் வெளியிட்ட ஐ.ஆர். 20 நெல்லுக்கு அத்திறம் இதன் வழியே சென்றது. முழுக் காப்பு அதனாற் கிட்டவில்லை எனினும், ஆசிய வயல்கள் பலவற்றில் திரூர்க்குப்பத்தின் கொடிவழி நின்றது. அத்தகைய நெல்லை உலகுக்குத் தந்த மண்ணின் மொழிக்கு, நெல்லின் பகையைப் பெயர்சொல்லி அழைக்கத் திறமில்லை என்பார் உரை நகைப்புக்குரியது.

செய்ய வேண்டுவது

குருத்தைத் தின்னும் இப்பேரினத்துக்குக் 'குருத்தந்து' என்னும் பெயர் சாலப் பொருந்தும். அதன்கீழ் மஞ்சள் இனம் நெற்குருத்தந்து, குறியற்ற வெள்ளை இனம் வெண்குருத்தந்து, கரும்பினது கரும்புக்குருத்தந்து. நெற்றண்டைக் குடையும் கோட்டுப்புழுவும் இளஞ்சிவப்புப் புழுவும் வேறு பேரினத்தவை. அவற்றின் முட்டைகளுக்கு மயிர்ப்போர்வை இல்லை. இந்த ஓர் அடையாளத்தை நூலிலும் பள்ளியிலும் மருந்துப் புட்டியின் தாளிலும் தெளிந்த தமிழில் அச்சிட்டால் போதும். உழவன் நுண்ணோக்கியின்றிப் பிரித்தறிவான். இலத்தீன் பெயரை அருகே வைத்துக்கொள்வதில் இழுக்கில்லை. அதனை மட்டுமே வைத்துக்கொள்வதே இழுக்கு.

தமிழறிஞர் வயலுக்கு இறங்குதல் வேண்டும். பூச்சியறிஞர் தமிழுக்கு ஏறுதல் வேண்டும். இருவரும் உழவனிடம் கேட்டுப் பெயர் தொகுத்தல் வேண்டும். வியன்னா நாடகப் பாவலர் ஒருவர், தாம் காணாத நெல்வயலின் பூச்சிக்கும் பொருந்துமாறு ஒரு பெயர் விட்டுச் சென்றார். நாள்தோறும் அவ்வயலைக் காணும் மக்கள் தங்கள் சொல்லை நாட்டுப்புறச் சொல் என்று நாணி ஒதுக்குவார்களாயின், வெண்கதிராய் நிமிர்ந்து நிற்பது அவர்தம் கல்வியே ஆகும். மணி பிடித்த கல்வியை மண்ணின் சொல்லே தரும்.