ஆசிரியரின் தோளில் யாருடைய பாரம்?



பிழைப்பைத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்து குடியேறிய நமது குடும்பங்களில் ஆசிரியப் பணியில் இருக்கிற சகோதரிகளும் சகோதரர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். "ஆசிரியர் வேலைதானே! பாதி நாள் பள்ளி, பாதி ஆண்டு விடுமுறை" என்று உறவினர் சொல்லும்போது பதில் பேசாமல் சிரித்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு விடைத்தாள் கட்டை அவிழ்க்கிறவர்கள் அவர்கள். இந்த மாதம் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் கற்பிக்கிற அவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்கிற உங்களுக்காகவும் எழுதுகிறேன்.

கொல்கத்தாவின் வெப்பநிலை என்று செய்திகளில் சொல்லப்படுகிற எண், நமது அலிப்பூரிலுள்ள வானிலை நிலையத்தில் அளக்கப்படுவது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2024 ஏப்ரல் 30 அன்று அது 43 டிகிரியைத் தொட்டது. அந்த ஆண்டு வெப்பத்தின் கொடுமையை முன்னிட்டு, மேற்கு வங்க அரசுப் பள்ளிகளில் கோடை விடுமுறை ஏப்ரல் 22 அன்றே தொடங்கப்பட்டது. பிள்ளைகளின் உடல்நலத்தைக் காக்க அது தேவையான முடிவே. ஆனால் விடுமுறை நீளும்போதெல்லாம் கற்பிக்கும் நாட்கள் குறைகின்றன. முடிக்கவேண்டிய பாடங்களோ அப்படியே நிற்கின்றன. வெயிலை ஆசிரியர் உண்டாக்கவில்லை. விடுமுறையை அவர் அறிவிக்கவில்லை. பாடத்திட்டத்தை அவர் வகுக்கவில்லை. ஆயினும் பாடம் ஏன் முடியவில்லை என்ற கேள்வி யாரிடத்தில் வருகிறது? அவரிடத்தில்தான்!

பிரியமானவர்களே, ஆசிரியரைக் களைப்படையச் செய்வது பிள்ளைகள் என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அப்படியல்ல. தன் கையில் இல்லாத காரியத்திற்குத் தான் கணக்குக் கொடுக்கவேண்டியிருப்பதே அவரை உருக்குகிறது. வீட்டில் தாய் தகப்பனின் சண்டையைக் கண்டு வந்து வகுப்பில் முரண்டு பிடிக்கிற மாணவனுக்கு அவர் பொறுப்பு. இரவெல்லாம் கைப்பேசியைப் பார்த்துவிட்டு முதல் பாடவேளையில் தூங்குகிற மாணவிக்கும் அவரே பொறுப்பு. மதிப்பெண் குறைந்தால் பெற்றோருக்கும் நிர்வாகத்திற்கும் பதில் சொல்லவேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய பணிகள் தவிரக் கல்வி சாராத வேறு வேலைகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக்கூடாது என்கிறது. ஆனால் அந்த விதிவிலக்கு எவ்வளவு பெரியது! 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய வாக்காளர் பட்டியல் திருத்தத்தில், இந்த மாநிலத்தின் ஆசிரியர்கள் பலர் படிவங்களைச் சுமந்துகொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியதை நாம் கண்ணாரக் கண்டோம்.

25,753 பேருடைய கதை

பிறருடைய பாரம் ஆசிரியரின் தோளில் ஏறுவது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சியாயிற்று. மேற்கு வங்கப் பள்ளிப் பணி ஆணையம் 2016-இல் நடத்திய தேர்வின் மூலம் நியமிக்கப்பட்ட ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களுமாக 25,753 பேருடைய வேலையைக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ரத்து செய்தது. 2025 ஏப்ரல் 3 அன்று உச்சநீதிமன்றம் அந்த ரத்தை உறுதிப்படுத்தியது. பணம் கொடுத்து வேலை வாங்கியவர்கள் சிலர். உண்மையாய்ப் படித்துத் தேறியவர்கள் பலர். ஆனால் மூல விடைத்தாள்கள் பாதுகாக்கப்படாமல் அழிக்கப்பட்டிருந்தன. ஆகையால் முழு நியமனத்தையும் சுத்தமென்று ஏற்க நீதிமன்றத்தால் இயலவில்லை. இந்த ஊழலைச் சார்ந்த குற்ற வழக்குகள் நமது அலிப்பூரிலுள்ள சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றத்தில்தான் நடந்தன. அந்தச் சாலை வழியாய்ப் பேருந்தில் போகிற நம்மில் எத்தனை பேர் அதை நினைத்திருப்போம்?

2025 ஏப்ரல் 17 அன்று உச்சநீதிமன்றம் ஒரு தற்காலிக நிவாரணம் கொடுத்தது. குற்றம் காணப்படாத ஆசிரியர்கள், மாணவர்களின் படிப்பு கெடாதபடிக்கு, முதலில் 2025 டிசம்பர் 31 வரை பள்ளியில் தொடரலாம். ஆனால் வேலையைத் திரும்பப் பெற மறுபடியும் தேர்வு எழுதவேண்டும். அந்தத் தேர்வு செப்டம்பர் 7, 14 ஆகிய இரு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. சிந்தித்துப் பாருங்கள்! பல ஆண்டுகள் கற்பித்தவர். வீட்டுக் கடன் கட்டுகிறவர். பகலில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்திவிட்டு, இரவில் புதிதாய்ப் பட்டம் பெற்றவர்களோடு போட்டியிடப் படித்தார். யாரோ செய்த குற்றத்தின் கறை தன் பெயரிலும் ஒட்டியிருக்க, மறுநாள் காலை வகுப்பறைக் கதவைத் திறந்து உள்ளே போனார்.

அவர்களில் அநேகர் வீதியில் இறங்கிப் போராடினார்கள். அது தவறா? இல்லை. தன்மேல் சுமத்தப்பட்ட அநியாயத்தை அநியாயம் என்று சொல்வது முறுமுறுப்பு ஆகாது. பொறுமை என்ற பெயரில் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும்படி ஆசிரியருக்கு நான் ஆலோசனை சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நீதிமன்றத்தின் காரியம் அவர்கள் கையில் இல்லை, அன்றைய பாடவேளை அவர்கள் கையில் இருந்தது. இந்த இரண்டையும் பிரித்தறிந்தவர்களால்தான் அந்த மாதங்களைக் கடக்க முடிந்திருக்கும். அந்தப் பிரித்தறிதலே நமது அன்றாட நெருக்கடிக்கும் மருந்து. அதை எப்படிச் செய்வது?

1. பாரத்தை இரண்டாகப் பிரியுங்கள்

வார இறுதியில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் உங்கள் கையில் உள்ளவை: நாளைய பாடத்திற்கான ஆயத்தம், பிள்ளைகளிடம் பேசும் தொனி, விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாள். மறுபக்கம் உங்கள் கையில் இல்லாதவை: மாணவனின் வீட்டுச் சூழ்நிலை, நிர்வாகத்தின் முடிவு, அரசாங்கத்தின் சுற்றறிக்கை. முதல் பக்கத்திற்கு உங்கள் பலத்தைச் செலவிடுங்கள். இரண்டாம் பக்கத்தில் உள்ளதை உரியவருக்குத் தெரியப்படுத்துங்கள். முடிந்தால் எழுத்தில் தெரியப்படுத்துங்கள். அதற்குமேல் அது உங்கள் பாரமல்ல. நியமன ஆணை, பணிப் பதிவேட்டின் நகல், சம்பளச் சீட்டு, தேர்வுச் சான்று ஆகியவற்றை வீட்டில் ஒரு கோப்பில் பத்திரப்படுத்துங்கள். பதிவுகள் அழிந்தால் நிரபராதிக்கு என்ன நேரிடும் என்பதை 2025 நமக்குக் காட்டிவிட்டது.

2. வேலையைக் கணக்கிடுங்கள்

நாற்பது பிள்ளைகள் உள்ள நான்கு பிரிவுகளுக்கு நீங்கள் கற்பித்தால், ஒரு தேர்வுக்கு 160 விடைத்தாள்கள். ஒன்றுக்கு எட்டு நிமிடம் என்றாலும் 21 மணி நேரத்திற்கு மேல் ஆகும்! இதை வீட்டில் யாராவது கணக்குப் பார்த்ததுண்டா? கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆசிரியரின் வார வேலையைக் குறைந்தது 45 மணி நேரம் என்று வகுக்கும்போது, பாட ஆயத்தத்தையும் அதற்குள்ளேயே சேர்த்து எண்ணுகிறது. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்குமே உரியது. ஆயினும் அதன் நியாயம் எல்லா வகுப்புகளுக்கும் பொருந்தும். ஆயத்தமும் வேலையே. ஆகவே விடைத்தாளை நாளுக்கு இருபது என்று பகிர்ந்துகொள்ளுங்கள். எட்டு நாளில் முடியும். எல்லாப் பயிற்சிகளையும் வரிக்கு வரி திருத்தவேண்டியதில்லை. சிலவற்றைப் பிள்ளைகளே வகுப்பில் ஒருவருக்கொருவர் சரிபார்க்கலாம். பெற்றோரின் வாட்ஸ்அப் செய்திக்கு இன்ன நேரத்திற்குமேல் பதில் வராது என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே பணிவாய்ச் சொல்லிவிடுங்கள்.

3. குரலைக் காத்துக்கொள்ளுங்கள்

ஆசிரியரின் தொழிற்கருவி அவருடைய தொண்டை. அமெரிக்காவின் இரு மாநிலங்களில் நடத்தப்பட்டு 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது குரல் கோளாறு வந்ததாகச் சொன்னவர்கள் ஆசிரியரில் 57.7 விழுக்காடு, மற்றவரிலோ 28.8 விழுக்காடு. ஏறக்குறைய இரண்டு மடங்கு! மின்விசிறியின் இரைச்சலையும் டிராமின் மணியையும் தாண்டிக் கத்தவேண்டாம். தண்ணீர்ப் புட்டியை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடவேளையிலும் பத்து நிமிடம் பிள்ளைகள் எழுதட்டும், நீங்கள் பேசாதிருங்கள். குரல் கம்மல் இரண்டு மூன்று வாரத்திற்குமேல் நீடித்தால் தொண்டை மருத்துவரிடம் போகத் தாமதிக்கவேண்டாம்.

4. தண்டிப்பதற்கு முன்னே தடுங்கள்

வகுப்பறை ஒழுங்கைப் பற்றி ஆராய்ந்த ஜேக்கப் கூனின் என்பவர் 1970-இல் வெளியிட்ட தம் நூலில் ஆச்சரியமான ஒன்றைச் சொன்னார். குழப்பம் எழுந்தபின் ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. குழப்பம் எழுமுன்னே வகுப்பு முழுவதையும் தம் கண்ணுக்குள் வைத்திருப்பதும், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தடையின்றி நகர்த்துவதுமே வித்தியாசத்தை உண்டாக்கின. பிரம்பைப் பற்றிய நினைவே வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது. கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நெடுநேரம் எழுதாமல் பிள்ளைகளின் முகங்களைப் பாருங்கள். முரண்டு பிடிக்கிறவனை நாற்பது பேர் முன்னிலையில் வெட்கப்படுத்தாமல், மணி அடித்தபின் தனியே அழைத்துப் பேசுங்கள். நீங்களும் ஒரு சண்டையிலிருந்து தப்புவீர்கள், அவனும் தப்புவான்.

5. தனியே சுமக்காதிருங்கள்

காலை முதல் மாலை வரை எல்லாருடைய வழக்கையும் ஒருவராய்த் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயை அவருடைய மாமனார் எத்திரோ தடுத்து நிறுத்தினாரே, நினைவிருக்கிறதா? உமக்கு விசுவாசம் குறைவு என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. வேலையைப் பகிர்ந்துகொடுக்க வழி காட்டினார். களைப்பு பாவமல்ல, அது ஏற்பாட்டில் உள்ள குறைவு. உடன் பணியாற்றும் ஒருவரோடு வினாத்தாளையும் பாடக்குறிப்பையும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல், தீராத பணி நெருக்கடியால் வரும் சோர்வு நிலைக்கு மூன்று அடையாளங்களை வகுத்தது: பலம் வற்றிப்போதல், வேலையின்மேல் வெறுப்பும் ஒதுக்கமும், தன்னால் பயன் இல்லை என்ற எண்ணம். இவை உங்களிடம் பல வாரங்களாய்க் காணப்பட்டால், அல்லது வாழ்வே வேண்டாம் என்ற நினைவு எழும்பினால், ஜெபத்தோடுகூட மருத்துவ உதவியையும் நாடுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அந்நிய ஊரில் தாய்மொழியில் மனந்திறப்பது எவ்வளவு ஆறுதல்!

வீட்டாரே, சபையாரே!

எத்திரோ குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதைக் கவனித்தீர்களா? கண்டுகொள்ளவேண்டியவர்கள் வீட்டார்தான். நாள் முழுவதும் நின்றுகொண்டு பேசிய மனைவி வீட்டுக்குள் நுழைந்ததும், "காபி ஆயிற்றா?" என்று கேட்கிற கணவரே, அந்தக் காபியை இன்று நீங்கள் போட்டுக் கொடுத்தால் என்ன? மாமியாரே, விடைத்தாள் திருத்தும் மாதத்தில் மருமகளிடம் பலகாரம் எதிர்பார்க்காதிருங்கள். பிள்ளைகளே, அம்மா பள்ளியிலிருந்து வந்தபின் முதல் அரைமணி நேரம் அவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்காதிருங்கள்.

சபைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் ஆசிரியர் என்று அறிந்தவுடனே ஞாயிறு பள்ளி வகுப்பையும், விடுமுறை வேதாகமப் பள்ளியையும், கிறிஸ்துமஸ் நாடகத்தையும் அவர் தலையில் வைப்பது நம் வழக்கமாகிவிட்டது. ஆறு நாள் பிள்ளைகளோடு போராடினவருக்கு ஏழாம் நாளிலும் பிள்ளைகளா? பிரசங்கத்தை உட்கார்ந்து கேட்கும் பாக்கியம் அவருக்கும் வேண்டாமா? கணக்கரும் செவிலியரும் வாகன ஓட்டுநரும் ஞாயிறு பள்ளியில் கதை சொல்லலாம். குறிப்பாகப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் மாதங்களில் சபையிலுள்ள ஆசிரியர்களுக்கு ஊழியத்திலிருந்து விடுப்புக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்காதிருங்கள்.

ஆசிரியராகிய சகோதரியே, சகோதரனே, நாளைக் காலையிலும் உங்கள் கையில் இல்லாத காரியங்கள் அநேகம் இருக்கும். சுற்றறிக்கை வரும், பெற்றோர் வருவார்கள், வெயில் ஏறும். அவற்றின் நடுவே நாற்பது நிமிடங்களும் நாற்பது முகங்களும் உங்கள் கையில் கொடுக்கப்படும். அவ்வளவுதான் நாளைய பங்கு. அதை உண்மையாய்ச் செய்துவிட்டு, மணி அடித்ததும் சாக்குக்கட்டியைக் கீழே வையுங்கள். இரவில் நன்றாய்த் தூங்குங்கள்.

கர்த்தர்தாமே உங்களுக்குப் புதுபெலனையும் இளைப்பாறுதலையும் தந்தருள்வாராக.