நாய்க்குத்தானே என்று வைக்கும் தண்ணீர்

1985இல் கொத்மலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது வயலையும் வீட்டையும் விட்டு வந்த குடும்பங்களுக்குத் தண்ணீரின் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நம் வாசலில் கிடக்கும் நாயின் சட்டியைப் பாருங்கள். பாசி பிடித்திருக்கும். சில வீடுகளில் அது பழைய மருந்து டின்! களைகொல்லி வந்த டின்னை எத்தனை முறை கழுவினாலும் குடிதண்ணீருக்கு ஆகாது. ஓட்டை போட்டு ஒதுக்குங்கள்.

சட்டியில் நீரில்லாத நாய் கானிலும் வரப்போரத்திலும் தேங்கியதைக் குடிக்கும். அதில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். எலிக்காய்ச்சல் கிருமி ஈரத்தில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். தொற்றிய நாய் நோயாளியாகத் தெரியாமலே சிறுநீரில் கிருமியை வெளியேற்றும். அந்த முற்றத்தில் வெறுங்காலுடன் நடப்பவர்கள் நாம். நம் காலிலோ வெடிப்பும் கீறலும். 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் சந்தேக நோயாளராகப் பதிவானார்கள். வயலில் இறங்குவோருக்கே ஆபத்து அதிகம்.

ஆகவே 'நாய்க்குத்தானே' என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். செலவுதான் என்ன? ஓர் அலுமினியச் சட்டி. நாம் குடிக்கும் பீலித் தண்ணீரையே தினமும் மாற்றி ஊற்றுங்கள். உட்பக்கத்தைத் தும்பால் தேய்க்கவும் வேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை சட்டியில் ஒட்டி, காய்ந்தாலும் மாதக்கணக்கில் கிடக்கும். நாய் தின்ற மிச்சச் சோற்றை இரவில் விட்டுவைக்காதீர்கள், எலி அதற்கென்றே வரும்.

விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்றே என்பார்கள் சிலர். அது எலிக்காய்ச்சலைத் தடுக்காது. இதற்கான ஊசியைப் பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள். வயலில் இறங்குமுன் உங்களுக்கான தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.