ஏசியில் எழுத்து மின்னினால் என்ன செய்வது?



எல்கடுவ மலையில் இருந்துகொண்டு ஏசியைப் பற்றி எழுதுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். எமது லயன் அறைகளில் மின்விசிறிக்கே வேலை குறைவு. கம்பளிப் போர்வைதான் வேண்டும். ஆனால் இந்தத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், நாள் முழுவதும் ஏசி ஓடும் வீடுகளில்தான் உழைக்கிறார்கள். வன்னியிலும் மட்டக்களப்பிலும் சிறுதொழில் செய்யும் எமது வாசகிகள் சிலர் தமது அழகுக்கலை நிலையத்துக்கோ கணினிக் கடைக்கோ ஏசி பூட்டியிருக்கிறார்கள். ஆகவே, ஏசியின் முகப்பில் திடீரென மின்னும் எழுத்துகளைப் பற்றி இம்மாதம் பார்ப்போம்.

கிளிநொச்சிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் அண்மையில் தொலைபேசியில் கதைத்தார். கணவரை இறுதி யுத்தத்தில் இழந்தவர். மணப்பெண் அலங்காரம் செய்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். “அக்கா, ஏசியில ஏதோ எழுத்தும் இலக்கமும் மின்னுது. காத்து வருகுதில்லை. பார்க்க வந்தவர் போர்ட் எரிஞ்சு போச்சு, புதுசு போடவேணும் எண்டுறார். இன்னொரு லோன் எடுக்கட்டோ?” என்று கேட்டார். ஏற்கெனவே கிழமைக்குக் கிழமை நுண்கடன் கட்டுபவர் அவர்.

ஏசியோடு வந்த கையேட்டை எடுத்து, அந்த எழுத்துக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். “உள் அலகுக்கும் வெளி அலகுக்கும் இடையே தொடர்பு இல்லை” என்ற பொருளில் இருந்தது. போர்ட் எரிந்ததென்று அதில் எழுதியிருக்கவில்லை. வேறொரு திருத்துநரைக் கூப்பிட்டு, முதலில் வயரைப் பார்க்கச் சொல்லும்படி கூறினேன். சுவருக்கு வெளியே வயரை எலி கடித்திருந்தது. புது வயர் போட்டதும் ஏசி ஓடியது. லோன் தேவைப்படவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி முடியும் என்று நான் சொல்லவரவில்லை. சில வேளை போர்ட் உண்மையாகவே எரிந்திருக்கும். ஆனால் மலிவான காரணங்களைப் பார்த்து முடித்த பிறகுதான் விலை கூடிய காரணத்துக்குப் போக வேண்டும்.

எழுத்து என்ன சொல்கிறது?

சுவரில் இருக்கும் உள் அலகு, வெளியே இருக்கும் வெளி அலகு என ஏசிக்கு இரண்டு பாகங்கள். வெப்பத்தை அளக்கும் சென்சர்கள் சில இருக்கின்றன. போர்ட் இவற்றை ஓயாமல் கவனிக்கிறது. எங்காவது பதில் வராவிட்டால் இயந்திரத்தை நிறுத்தி, எந்த இடத்தில் தடை என்று ஓர் எழுத்தைக் காட்டுகிறது. திரை இல்லாத ஏசிகளில் சின்ன விளக்கு மின்னும்; எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ண வேண்டும்.

எழுத்து இடத்தைத்தான் காட்டும், காரணத்தைச் சொல்லாது. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால் வயிற்றில் வலி என்று தெரியும். ஏன் வலி என்று நாம்தானே விசாரிக்க வேண்டும்?

ஒவ்வொரு கம்பனிக்கும் எழுத்து வேறு. உள், வெளி அலகுகளின் தொடர்பு அறுந்தால் டைக்கினில் “யூ4”, பனசொனிக்கில் “எச்11”, எல்ஜியில் “சிஎச்05”, கிரீயில் “ஈ6” என்று வருவது வழக்கம். ஒரே எழுத்து இரண்டு கம்பனிகளில் இரண்டு பொருள் தருவதும் உண்டு. “ஈ1” என்பது கிரீயில் காஸ் அழுத்தம் கூடியதைக் காட்டும். மிடியாவில் அதே “ஈ1” தொடர்பு அறுந்ததைக் காட்டும். ஆகவே பக்கத்து வீட்டு அனுபவத்தை நம்ப வேண்டாம். உங்கள் ஏசியின் கையேட்டையே பாருங்கள். கையேட்டைத் தொலைத்துவிட்டால், அலகின் பக்கத்தில் ஒட்டியுள்ள மாதிரி இலக்கத்தை கம்பனிக்குச் சொல்லிக் கேளுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். மின்சாரத்தை நிறுத்தினால் எழுத்து மறைந்துவிடலாம். அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்றும் எழுதுங்கள்: மழையா, இடியா, கரண்ட் போய் வந்ததா?

இரண்டாவது, ரிமோட்டால் நிறுத்தி, பிறகு பிரேக்கரையும் நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். கரண்ட் திடீரெனப் போய்வரும்போது போர்ட் குழம்புவதுண்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது நினைவிருக்கும். அத்தகைய வேளைகளில், கரண்ட் வந்த உடனேயே ஏசியைப் போடாமல் சற்றுப் பொறுப்பது நல்லது. எழுத்து மீண்டும் வந்தால், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, பிரேக்கரை நிறுத்திவிட்டு உள் அலகின் வலையைக் கழற்றித் தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். வெளி அலகை மறைத்து உடுப்புக் காயப்போட்டிருக்கிறதா, சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றுப் போகாவிட்டால் இயந்திரம் சூடாகி நின்றுவிடும்.

நான்காவது, வீட்டு விளக்குகள் மங்கி மங்கி எரிகின்றனவா? இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் 6 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை. அதற்கு வெளியே போனால் பழுது ஏசியில் அல்ல, இணைப்பில். இதை மின்சாரம் வழங்குவோருக்கு முறையிடுங்கள்.

தொடக்கூடாதவை

வலையைத் தவிர வேறு மூடி எதையும் திறக்காதீர்கள். இன்வேர்ட்டர் ஏசியின் வெளி அலகில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தேங்கியிருக்கும். பிரேக்கரை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் அது உயிரைப் பறிக்கக்கூடியது. ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலோ எரிந்த மணம் வந்தாலோ மீண்டும் போடவே வேண்டாம். ட்ரிப் சுவிட்சைக் கட்டையால் முட்டுக்கொடுத்து நிறுத்துவது தற்கொலைக்குச் சமம்.

திருத்துநரிடம் கேட்க வேண்டியவை

“எழுத்து இதுதான். வயர் இணைப்பைப் பார்த்தீர்களா? சென்சரை மீற்றர் வைத்து அளந்தீர்களா?” என்று பணிவாகவும் தெளிவாகவும் கேளுங்கள். சென்சர் சிறிய பொருள். போர்ட்டைவிட மிக மலிவு. கையின் சூடு பட்டதும் அதன் அளவு குறைய வேண்டும். அசையாமல் நின்றால் சென்சர்தான் பழுது. “காஸ் முடிந்துவிட்டது” என்றால், “எங்கே ஒழுகுகிறது?” என்று கேளுங்கள். காஸ் மண்ணெண்ணெய் போல எரிந்து தீர்வதல்ல. அடைத்த குழாய்க்குள் சுற்றுவது. ஒழுக்கை அடைக்காமல் காஸ் அடித்தால் மீண்டும் காசு போகும். மாற்றிய பழைய பாகத்தையும் பற்றுச்சீட்டையும் வாங்கி வையுங்கள். உத்தரவாதக் காலத்தில் விற்றவர் கைவிரித்தால், நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. ஏசி நின்றால் “நீ என்ன செய்தாய்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். சம்பளத்தில் வெட்டுவோம் என்று மிரட்டுவதும் உண்டு. பயந்து பிரேக்கரை நிறுத்திவிடாமல், எழுத்தைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்குக் காட்டுங்கள். வயரோ மோட்டரோ பழுதென்று இயந்திரமே சொல்லும்போது, அதை உங்கள் தலையில் போடுவது அவ்வளவு இலகுவல்ல.

இந்த வேலையில் விருப்பமுள்ள பெண்கள் அதைத் தொழிலாகவும் கற்கலாம். குளிரூட்டல், வளிச்சீராக்கல் துறைக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டு. ஏற்கெனவே கைவேலை தெரிந்தவர்கள், முன் அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்குத் தோற்றியும் அதைப் பெற முடியும். உங்கள் பிரதேச செயலகத்திலோ அருகிலுள்ள தொழிற் பயிற்சி நிலையத்திலோ விசாரியுங்கள்.

“இது ஆம்பிளைகள் வேலை” என்று யாராவது சொன்னால் தயங்காதீர்கள். 1990களில் மின்சாரமே இல்லாத வடக்கில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வீடுகள் உங்கள் வீடுகள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலத்தைக் கண்டவர்கள் நீங்கள். ஏசியின் இரண்டு எழுத்து உங்களுக்குப் பெரிதல்ல.

இன்றே ஒரு கொப்பி எடுத்து, வீட்டிலுள்ள மின்சாதனங்களின் பெயர், மாதிரி இலக்கம், வாங்கிய திகதி, திருத்திய திகதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்த முறை திருத்துநர் வரும்போது அந்தக் கொப்பியோடு பக்கத்தில் நில்லுங்கள்.