மூடி வைத்தால் போதுமா?

ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்தபின் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெருந்தேரை மழையினின்றும் காப்பதைப் பற்றி இராஜபாளையத்து வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். "ஸார், பனி பெய்யும் ஊரில் படகை எப்படிக் காப்பார்கள்?" என்று ஒரு மாணவன் வினவினான். நேயர்களும் விடையைக் கேட்கலாம்.

காஷ்மீரத்தில், ஸ்ரீநகரத்துத் தால் ஏரியில், தேவதாரு மரத்தாலான வீட்டுப் படகுகள் குளிர்காலம் முழுவதும் நீரிலேயே நிற்கின்றன. டிசம்பர் 21 முதல் 40 நாள் கடுங்குளிர். 'சில்லைக் கலான்' என்பது அதன் பெயர். படகுக்குக் கூரை உண்டு. ஆபத்தும் அக்கூரைமீதே வந்து இறங்குகிறது. 30 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமுமுள்ள கூரையில் 30 சென்டிமீட்டர் புதுப்பனி படிந்தால் சுமார் 4½ டன் பாரம். அதே உயரம் நனைந்து இறுகிய பனியாயின் 13 டன்னுக்கும் மேல். பாரத்தால் படகு தாழும். அப்போது, என்றும் நீருக்கு மேலே நின்று காய்ந்து சுருங்கிய பலகை இடுக்குகள் நீருக்குள் அமிழ்கின்றன. அவ்வழியே ஜலம் புகுகிறது. ஆகையால் ஹாஞ்சி வகுப்புப் படகுக்காரர் நள்ளிரவானாலும் மேலேறிப் பனியை வாரித் தள்ளவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் வழித்தால் படகு சாயும். இரு பக்கமும் சமமாக வழிக்கவேண்டும். அன்றிரவு அயர்ந்தால் வீடும் பிழைப்பும் ஒருங்கே போய்விடும்.

நம் தேருக்குப் பனியில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை உண்டு. மூடிய தகரத்தில் ஒரு துளை போதும். மரப் பொருத்தில் நீர் தேங்கி, அழகிய சிற்பமும் இற்றுப்போகும். மூடி வைப்பது பாதிக் காவல். மூடியபின் போய்ப் பார்ப்பதே மற்றப் பாதி.