"எப்ப திரும்பப் போறீங்க?"ன்னு கேக்குறத முதல்ல நிறுத்துங்க

ரெண்டு நாளா டைம்லைன்ல ஒரு வாதம் ஓடிக்கிட்டு இருக்கு. "கல்ஃப்ல இருபது வருஷம் சம்பாதிச்சுட்டு வந்தவனுக்கு எதுக்குய்யா அரசாங்கம் உதவி செய்யணும்? உள்ளூர்ல கஷ்டப்படுறவன் இல்லையா?" என்று ஒருவர் எழுத, அதுக்குக் கீழே கைதட்டல்.

வளைகுடாவுக்கு வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்புற ஊர்களுக்கு நடுவுல கிளினிக் வச்சிருக்குற பொது மருத்துவர் நான். இதைப் பார்த்துட்டு சும்மா போக முடியல. நீளமான த்ரெட். பொறுமை இருக்குறவங்க படிங்க. (நோயாளிகள் யாருன்னு தெரியாத அளவுக்கு விவரங்களை மாத்தித்தான் எழுதுறேன்.)

முதல்ல யாரைப் பத்திப் பேசுறோம்னு தெளிவாகட்டும். கலிஃபோர்னியாவுல வீடு வாங்கிட்டு, "இந்தியா திரும்பலாமா"ன்னு யோசிக்கிறவங்களைப் பத்தி இல்ல. டிரைவர், கொத்தனார், ஏசி மெக்கானிக், பக்காலாவுல சேல்ஸ்மேன், கேம்ப்ல சமையல்காரர். ஒரு ரூமுக்கு எட்டு பேர், அடுக்குக் கட்டில், ராத்திரி குப்பூஸும் பருப்பும். இவங்கதான் 48, 50, 52 வயசுல "கேன்சல் பண்ணிட்டு வந்துட்டேன் சார்"னு என் முன்னாடி வந்து உட்கார்றாங்க.

இப்ப அந்த "நிறைய சம்பாதிச்சவன்" கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருத்தருக்கு அமீரகத்துல அடிப்படைச் சம்பளம் 800 திர்ஹாம்னு வச்சுக்குங்க. அலவன்ஸ் சேர்த்து 1,500 வாங்குவார். ஆனா சர்வீஸ் முடிஞ்சு கொடுக்குற கிராஜுவிட்டிக்கு அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் கணக்கு. முதல் 5 வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம். அதுக்கு மேல வருஷம் 30 நாள். 20 வருஷம் வேலை பார்த்தா மொத்தம் 555 நாள். நாளுக்கு 26.67 திர்ஹாம். 14,800 திர்ஹாம் வரும். திர்ஹாம் 23 ரூபாய்னு போட்டா 3 லட்சத்து 40 ஆயிரம்.

இருபது வருஷத்துக்கு அவ்வளவுதான். அதுவும் கம்பெனி ஒழுங்கா கொடுத்தா.

பென்ஷன் கிடையாது. பி.எஃப். கிடையாது. திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஒழுங்கான ரெக்கார்டோட இதே இருபது வருஷம் இருந்தவருக்கு பி.எஃப். இருக்கும், இ.எஸ்.ஐ. கார்டு இருந்திருக்கும். இவருக்கு விசா கேன்சல் ஆன அன்னைக்கே அந்த ஊரு மெடிக்கல் இன்ஷூரன்ஸும் முடிஞ்சிருச்சு. ஏர்போர்ட்ல இறங்கும்போது கையில பாஸ்போர்ட், டிராலியில கயிறு கட்டுன அட்டைப் பெட்டி, ரத்தத்துல 300 சுகர்.

"சம்பளத்தை எல்லாம் என்ன பண்ணாரு?"ன்னு கேப்பீங்க. ரெண்டு தங்கச்சி கல்யாணம், அப்பாவோட பைபாஸ், தம்பி படிப்பு, ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்குன கடனோட வட்டி, கடைசியா ஒரு வீடு. அந்த வீட்டோட மாடி ரூம்ல அவர் மொத்தமா தூங்குனது எத்தனை ராத்திரின்னு எண்ணிப் பாருங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு மாசம் லீவு. இருபது வருஷத்துல இருபது மாசம்.

ஊதாரித்தனம் பண்ணவங்க இல்லவே இல்லைன்னு நான் சொல்லல. இருக்காங்க. உள்ளூர்லயும் இருக்காங்க. அதை வச்சு உள்ளூர்க்காரனுக்கு ரேஷன் அரிசியை நிறுத்தச் சொல்றோமா?

ரிசர்வ் வங்கி கணக்குப்படி 2023-24-ல வெளிநாட்டுல இருக்குறவங்க இந்தியாவுக்கு அனுப்புன பணம் 118.7 பில்லியன் டாலர். அதுல தமிழ்நாட்டுக்கு வந்தது 10.4 சதவீதம். இதுல கணிசமான பங்கு இந்த அடுக்குக் கட்டில்கள்ல இருந்து வந்தது. பணம் வந்தா நாட்டுக்கு அந்நியச் செலாவணி. ஆள் வந்தா "உனக்கு எதுக்கு உதவி". நல்லா இருக்குய்யா நியாயம்.

என் துறைக்கு வர்றேன்.

இவங்க போகும்போது நடக்குற மெடிக்கலைப் பார்த்திருக்கீங்களா? முன்னாடி காம்கா, இப்ப வாஃபித். நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தம், எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி. எக்ஸ்ரேயில சின்னதா ஒரு பழைய தழும்பு இருந்தா "அன்ஃபிட்". மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்த்து ஓட்டிட்டுப் போற மாதிரிதான். அந்தப் பரிசோதனை போற நாட்டோட நன்மைக்கு. அது அவங்க உரிமை, தப்பு சொல்லல. ஆனா திரும்பி வரும்போது இவரைப் பரிசோதிக்க நம்ம பக்கம் ஒரு மேசை, ஒரு பி.பி. மெஷின் உண்டா? கிடையாது. உழைச்சுத் தேஞ்ச உடம்பைப் பார்க்கத்தான் ஆள் இல்ல.

அப்படி வர்ற உடம்புல நான் பார்க்குறது இது.

சிறுநீரகம்தான் முதல் பயம். 45 டிகிரி வெயில்ல வேலை. அமீரகத்துல ஜூன் 15-ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12.30-ல இருந்து 3 மணி வரை வெட்டவெளியில வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. நல்ல சட்டம். ஆனா காலைல 10 மணிக்கும் அங்க வெயில்தான். டிரைவரா இருந்தா, வண்டியை நிறுத்தி ஒண்ணுக்குப் போக இடம் இல்லைன்னு தண்ணியே குடிக்கிறதில்ல. தாகத்துக்குக் கோலா, தூக்கத்துக்கு எனர்ஜி டிரிங்க். முதுகு வலிக்குது, முட்டி வலிக்குது, நாளைக்கு டூட்டிக்குப் போகணும், அதனால தினமும் ஒரு வலி மாத்திரை. தண்ணி இல்லாத உடம்புல தினமும் டைக்ளோஃபினாக் போட்டா சிறுநீரகம் என்ன ஆகும்னு நான் விளக்க வேணாம். கூடவே கவனிக்காத சுகரும் பிரஷரும். நேபாளத்துல வளைகுடாவுல இருந்து சிறுநீரகம் கெட்டுத் திரும்புற இளைஞர்களைப் பத்தி அங்க இருக்குற டாக்டர்கள் பல வருஷமா பேசுறாங்க. நம்ம ஊர்ல அப்படிப் பேச்சே எழல. எழணும்.

ஒருத்தர் வந்தார். "கால் லேசா வீங்குது சார், ஃப்ளைட்ல உட்கார்ந்து வந்ததுதான்"னு சொன்னார். கிரியாட்டினின் 7. வயசு 46. மூணு மாசத்துல டயாலிசிஸ். தனியார்ல ஒரு தடவைக்கு 1,500 ரூபாய்னு குறைச்சுப் போட்டாலும் மாசம் 12 தடவைக்கு 18,000. ஊசி, மருந்து, போக்குவரத்து தனி. மேல சொன்ன 3 லட்சத்து 40 ஆயிரத்தை இதால வகுத்துப் பாருங்க. பத்தொன்பது மாசம்கூட வராது.

அவர் வீட்டுல அவரைத் தனியார்லதான் பார்த்தாங்க. ஏன் தெரியுமா? "வெளிநாட்டுல இருந்து வந்துட்டு ஜி.எச்.-க்குப் போனா ஊர்ல என்ன பேசுவாங்க"ன்னு. எனக்கு அப்ப வந்த கோபத்தை இங்க எழுத முடியாது.

இந்த ஊர்ப் பேச்சுதான் பாதி நோய். ஒருத்தர் ஊருக்கு வந்த நாலாம் நாள்ல இருந்து டீக்கடை, பள்ளிவாசல் வாசல், கோயில் திண்ணை, கல்யாண வீடு எங்க போனாலும் ஒரே கேள்வி: "எப்ப வந்தீங்க? எப்ப திரும்பப் போறீங்க?" ரெண்டாவது கேள்வியைக் கேக்குறவங்க அதைப் பாசம்னு நினைக்கிறாங்க. கேக்குறவருக்குக் காதுல விழுறது என்ன? "நீ இங்க உள்ளவன் இல்ல." வந்து எட்டு மாசம் ஆகியும் "லீவுல வந்திருக்கேன்"னு பொய் சொல்லிக்கிட்டு இருந்த ஒருத்தர், அந்தப் பொய்யைக் காப்பாத்த வெளியவே வராம வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தார். தூக்கம் இல்ல, பசி இல்ல, சாயங்காலம் ஆனா குடி. மனைவி "வாய்வுத் தொல்லை"ன்னுதான் கூட்டிட்டு வந்தாங்க. அது மனச்சோர்வு. மருந்தும் பேச்சும் கொடுத்தா குணமாகுற நோய்.

மனைவிமார்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். இருபது வருஷம் பேங்க், பள்ளிக்கூடம், மாமியார், கொத்தனார் எல்லாத்தையும் ஒத்தையா நிர்வாகம் பண்ணவங்க. திடீர்னு ஒரு மனுஷன் வந்து "ஃபேன் எதுக்கு ஓடுது, பால் எதுக்கு ரெண்டு லிட்டர்"ன்னு கேட்டா எரிச்சல் வரத்தான் செய்யும். பையன் அப்பாவை "அவரு"ன்னு சொல்றான். சுகர்ல தாம்பத்தியமும் பாதிச்சிருக்கும், அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இவர் சண்டை போடுவார். சுகர் கட்டுப்பாட்டுக்கு வந்து, சரியான சிகிச்சை எடுத்தா அதுல நிறைய சரியாகும். டாக்டர்கிட்ட வாயைத் திறங்க. ராத்திரி விளம்பரத்துல வர்ற லேகியத்தை வாங்காதீங்க.

ஆம்பளைங்களைப் பத்தியே எழுதிட்டேன். குவைத், ஓமன் வீடுகள்ல வேலை பார்த்துட்டு வர்ற அக்காமார் நிலைமை இன்னும் மோசம். முட்டி தேஞ்சு, இடுப்பு ஒடிஞ்சு வருவாங்க. அவங்களை யாரும் "ஃபாரின் ரிட்டர்ன்"னு மரியாதையாகூட சொல்றதில்ல. அவங்க அங்க பட்டதைக் கேக்கவும் ஆள் இல்ல.

இப்ப மருந்து விஷயம். "அங்க கொடுக்குற மாத்திரை பவர் சார், இங்க உள்ளது கேக்க மாட்டேங்குது." இதை வாரத்துக்கு நாலு பேர்கிட்ட கேக்குறேன். குளுக்கோஃபேஜ்ங்கிறது மெட்ஃபார்மின். நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா கொடுக்குற அதே மெட்ஃபார்மின். ஜனுவியாங்கிறது சிட்டாகிளிப்டின். 2022-ல இங்க அதோட காப்புரிமை முடிஞ்சதும் பல கம்பெனி தயாரிக்க ஆரம்பிச்சு விலை மளமளன்னு இறங்கிருச்சு. அட்டையில பேரு வேற, உள்ள இருக்குறது ஒண்ணுதான். இது தெரியாம, வர்ற போற ஆள்கிட்ட கொடுத்து அனுப்பச் சொல்லிக் காத்திருந்து, ஆள் வராதப்ப மாத்திரையையே நிறுத்திடுறாங்க. ஆறு மாசம் கழிச்சு, கண்ணு மங்கலானதும் வர்றாங்க. விழித்திரையில ரத்தக் கசிவு.

அரசாங்கம் என்ன செய்யுதுன்னு கேட்டீங்கல்ல? இருக்குறதைச் சொல்லிடுறேன். ஜனவரி 12 அயலகத் தமிழர் தினம். விழா நல்லா நடக்குது. துறை இருக்கு, வாரியம் இருக்கு. ஆனா என் கிளினிக்குக்குத் திரும்பி வந்தவங்கள்ல அந்த வாரியம் ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சவங்களை விரல் விட்டு எண்ணலாம். பக்கத்துல கேரளாவுல வெளிநாடு வாழ் கேரளத்தவருக்கு 1996-லயே தனித் துறை. 2008-ல சட்டம் போட்டு நல நிதி. மாசச் சந்தா கட்டினா 60 வயசுக்கு மேல ஓய்வூதியம். திரும்பி வந்தவங்களும் சேரலாம். அங்கயும் ஆயிரம் குறை இருக்கும். ஆனா திரும்பி வர்றவன் ஒருத்தன் இருக்கான்னு சட்டத்துல எழுதி வச்சிருக்காங்க. நான் கேக்குறதும் பிச்சை இல்ல. சந்தா கட்டுற திட்டம் ஒண்ணு, விமான நிலையம் உள்ள மாவட்டங்கள்ல திரும்பி வர்றவங்களுக்கு ஒரு பரிசோதனை மேசை. திருச்சியில இருந்தே ஆரம்பிக்கலாம்.

முதல்வர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும். விசா கேன்சல் ஆகி வேலை இல்லாம உட்கார்ந்திருக்குறவருக்கு வருமானம் என்ன? ஆனா வருமானச் சான்று கேட்டுப் போனா, "மாடி வீடு வச்சிருக்கியேப்பா"ன்னு ஒரு பார்வை. வீடு வருமானம் இல்லைங்க. அதுல அவர் வாடகை வாங்கல, குடியிருக்கார். சான்றுக்கு விண்ணப்பிக்க வெக்கப்படாதீங்க. ஜி.எச்.-ல டயாலிசிஸுக்கும் வெக்கப்படாதீங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது. வர்ற செவிலியர் அக்காகிட்ட "அவரு வெளிநாட்டுல இருக்காரு"ன்னு சொல்லித் திருப்பி அனுப்பாதீங்க. அவரு உள்ள ரூம்லதான் படுத்திருக்காரு.

இன்னும் அங்கேயே இருக்குற தம்பிகளுக்கு: 35 வயசுல, சுகர் வர்றதுக்கு முன்னாடியே, இந்தியாவுல செல்லுபடியாகுற ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஒண்ணு எடுத்துடுங்க. 2024-ல விதி மாறியிருக்கு. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம்தான், முன்னாடி 4. அந்த மூணு வருஷம் நீங்க அங்க இருக்கும்போதே ஓடிடும். கேன்சல் பண்ணிட்டு வந்து 52 வயசுல எடுத்தா, வீட்டுல உட்கார்ந்து காத்திருக்கணும். சுகர் இருந்தா மறைக்காம எழுதுங்க. "அதெல்லாம் போட வேணாம் சார்"னு சொல்ற ஏஜென்ட், கிளெய்ம் தள்ளுபடியாகுற அன்னைக்குப் போனை எடுக்க மாட்டார்.

திரும்பி வந்தவங்க முதல் வாரத்துலயே பார்க்க வேண்டியது: பிரஷர், வெறும் வயித்துச் சுகர், எச்பிஏ1சி, கிரியாட்டினின், சிறுநீர்ல புரதம், கொழுப்பு, ஒரு இசிஜி. சுகர் இருந்தா விழித்திரையும் பாதமும் கட்டாயம். அரசு மருத்துவமனையில இதுக்குப் பெரிய செலவு கிடையாது. காலைல வெறும் வயித்துல வாங்க, பிரஷர் மாத்திரையை மட்டும் ஒரு வாய் தண்ணியில போட்டுட்டு. சுகர் மாத்திரையையும் ஊசியையும் கையில எடுத்துட்டு வாங்க, ரத்தம் கொடுத்துட்டு சாப்பிடும்போது போட்டுக்கலாம். அங்க எடுத்த ரிப்போர்ட், மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. அரபில இருந்தாலும் பரவாயில்ல, எண்ணு இங்கிலீஷ்லதான் இருக்கும்.