சீமைக்கருவேலத்துக்கு எதுக்குங்க பொய்?

"சீமைக்கருவேல நிழலில் தூங்கினா மூச்சு முட்டும், ஆக்சிஜனைக் குடிச்சிட்டு கரியமில வாயுவைக் கக்கும், நிழலில் கட்டின மாடு மலடாகும்." இந்த ஃபார்வேர்டு உங்களுக்கும் வந்திருக்கும். டாக்டரா சொல்றேன், அத்தனையும் பொய்.

பச்சை இலை உள்ள எந்த மரமும் பகலில் ஆக்சிஜன் தரும். ராத்திரி கரியமில வாயு விடும், வேப்ப மரமும்தான். மலடாகும்னா திருச்சுழி பக்கம் ஆட்டுக்கிடையே இருக்காதே! அந்த நெத்தைத் தின்னுதானே ஆடுக கோடையைத் தாண்டுது. (நெத்து மட்டுமே மாசக்கணக்கில் தின்னா தாடை நரம்பு கெடும். அது நிஜம், ஆனா வேற விஷயம்.)

உடனே "மரத்துக்கு வக்கீலா?"ன்னு வராதீங்க. கண்மாயை அடைக்குது, நாட்டு மரங்களை முளைக்க விடமாட்டேங்குது, வேரை ஆழத்துக்கு விட்டு தண்ணியை உறிஞ்சுது. இதெல்லாம் ஆய்வில் வந்தது. வெட்டணும்னு வாதாட இதுவே போதும். 2017ல் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி, அதே ஆண்டு உயர் நீதிமன்றமே அதை நிறுத்தி வச்சுது. பாதிப்பை முதல்ல ஆராயணும்னுதான். 2022ல் அரசு அந்நியத் தாவரங்களுக்குக் கொள்கையே கொண்டுவந்தது. உண்மைக்குப் பஞ்சமே இல்லை.

பொய் சொன்னதால நஷ்டம் யாருக்கு? இங்கே கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவங்க தினமும் அந்த மரத்தடியில்தான் சோறு சாப்பிடுறாங்க. மூச்சு முட்டலைன்னு அவங்களுக்கே தெரியும். அவங்ககிட்ட நாளைக்கு நான் "மூட்டப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கு, நுரையீரல் போயிடும்"னு சொன்னா, அதையும் வாட்ஸ்அப் கதைன்னுதானே நினைப்பாங்க? இது மட்டும் நிஜம்னு எந்த முகத்தோட சொல்றது?